என்ர பேர்ல

இந்தச் சுத்தியை ஓங்கி நேரா இவன் நெத்திப்பொட்டுல ஒண்ணு போட்டா என்ன சத்தம் வரும்? நல்ல வார்ப்பா இருந்தா கணீர்னு கேக்கும். உள்ளுக்குள்ள விரிசல் ஓடியிருந்தா தொப்புனு அமுங்கிப்போயிரும். பிரேக் டிரம்மைச் சங்கிலியில தொங்கவிட்டுத் தட்டித் தட்டிப் பழகின காது என்ரது, ஒரே தட்டுல சொல்லிருவேன். இவனுக்குத் தொப்புதான், சந்தேகமே வேண்டாம். வெள்ளை ஹெல்மெட்டு, கழுத்துல அடையாள அட்டை, பக்கத்துல வந்தாலே மூக்கை அடைக்கற செண்ட்டு. ஃபவுண்டரிக்குள்ள வர்றதுக்கு எவனாச்சும் செண்ட்டு அடிச்சுட்டு வருவானா? "நீங்க முன்னாடி போங்க கோகிலவாணி, நான் உங்க பின்னாடியே வர்றேன்"ங்கறான். பின்னாடியே வர்றானாமா. உன்ர வாயில உருக்கின இரும்பை ஊத்த. "வாங்க சார், பாத்து வாங்க, கீழ மணல் கொட்டிக் கெடக்குது"ங்கறேன் நான். சிரிச்சுக்கிட்டே சொல்றேன். சிரிக்கணும். காலைல வண்டியை விட்டு எறங்கறதுக்குள்ள முதலாளி கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. "அம்மணி, அவரு மனசு கோணாம நடந்துக்க கண்ணு. இன்னிக்கு அவரு சரின்னு எழுதிட்டாருன்னா டிராக்டர் கம்பெனி ஆர்டர் நம்முளுது, குவாலிட்டி இன்சார்ஜ் சீட்டு உனக்கு நிரந்தரம். இல்லீன்னா என்ர மச்சினன் பையனைக் கொண்டாந்து உக்கார வெக்கச் சொல்லி ஊட்டுல ஒரே ரோதனை, என்னால தடுக்க முடியாது பாத்துக்க." பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். அந்தச் சீட்டுக்காக எத்தனையைப் பாத்துட்டேன். வேலையை விட்டாத்தான் கட்டுவோம்னு வந்த மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களை, வெச்ச தட்டை எடுத்துட்டு அப்படியே கெளம்புங்கன்னு சொன்னவ நான். அம்மா அழுதுச்சு, ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசல. கரிப்பொடியும் மணலுமா ஊட்டுக்கு வர்றவளை எவன் கட்டுவான்னு கேட்டுச்சு. எவனும் கட்ட வேண்டாம், அந்த நாற்காலி போதும்னு நெனச்சேன். இப்பவும் அதைத்தான் நெனைக்கறேன், அதனாலதான் சுத்தி கையில இருந்தும் இந்த மனுசன் முழுசா நடந்துக்கிட்டு இருக்கான்.

ரகுநந்தன்னு பேரு. டிராக்டர் கம்பெனிக்குச் சாமான் போடற பட்டறைகளை எல்லாம் வந்து சோதிச்சுப் பாக்கற பெரிய அதிகாரி, சென்னை ஆளு. நான் இவனை நேர்ல பாக்கறது இன்னிக்குத்தான், ஆனா இவன் என்னையப் போட்டோவுல பாத்து ஆறேழு மாசமாச்சு. எல்லாம் அந்த உத்தியோக சைட்டாலதான். படிப்பு, வேலை, வாங்கின சர்ட்டிபிகேட்டு எல்லாத்தையும் போட்டு, பெரிய கம்பெனிக்காரங்களும் சின்னக் கம்பெனிக்காரங்களும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கற எடமாமா அது. முதலாளி எங்கியோ கூட்டத்துக்குப் போயிக் கேட்டுட்டு வந்துட்டாரு. "ஆடிட்டுக்கு வர்றதுக்கு முந்தி நம்ம ஆளுக யாருன்னு அதுல தேடிப் பாப்பாங்களாமா, ஒருத்தர் பேருகூட இல்லீன்னா பட்டிக்காட்டுப் பட்டறைன்னு நெனச்சுக்குவாங்க"ன்னு, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அவரே உக்காந்து, ஆட்காட்டி விரல் ஒண்ணாலயே தட்டித் தட்டி, எங்க எல்லார்த்துக்கும் கணக்குத் திறந்தாரு. பாஸ்வேர்டு எல்லார்த்துக்கும் ஒண்ணே ஒண்ணு, அவரு குலசாமி பேரு. மறக்கவும் மறக்காது, சாமியும் கூட நிக்கும்னு சொன்னாரு, நாங்களும் பூம்பூம் மாடாட்டம் தலையை ஆட்டினோம். படிச்ச கழுதை நான், அன்னிக்கே அதை மாத்தியிருக்கோணும். மாத்தல. குலசாமி பேரை மாத்தறதுக்கு எப்படியோ இருந்துச்சு. அடுத்த வாரமே இவன் வந்துட்டான். புதுப் பொறுப்புக்கு வாழ்த்துகள்னு ஒரு வரி. பெரிய எடத்து மனுசன், பதில் போடாட்டி மருவாதி இல்லீன்னு நன்றி சார்னு போட்டு ஒரு கும்பிடு பொம்மையும் வெச்சேன். அந்தப் பொம்மையில என்னத்தைக் கண்டானோ. என்ர திறமைன்னு போட்டிருந்ததுக்கெல்லாம் ஒண்ணொண்ணா சாட்சி குத்த ஆரம்பிச்சுட்டான். வார்ப்பு ஆய்வுல இவர் வல்லவர், அளவெடுக்கறதுல இவர் வல்லவர், ஆளுகளை மேய்க்கறதுல இவர் வல்லவர். நான் வேலை செஞ்சதை இவன் எந்தக் கண்ணுல பாத்தான்? அப்புறம் ஒரு நாள், ஹெல்மெட் போட்டும்கூட ஒருத்தங்க இவ்வளவு அழகா இருக்க முடியுமான்னு எழுதினான். படிச்சதும் ஓடிப்போயி என்ர போட்டோவைத்தான் மொதல்ல பாத்தேன், பட்டன் எல்லாம் சரியாப் போட்டிருக்கேனான்னு. த்தூ. அவன் எழுதினதுக்கு நான் எதுக்கு என்ர பட்டனைப் பாக்கோணும்? அதை நெனச்சா இப்பவும் என்னையவே நாலு சாத்து சாத்தலாம்னு வருது. கல்யாண சைட்டுல வந்தவன் எல்லாம் சம்பளம் எவ்வளவு, வேலையை விடுவியான்னு கேட்டான். உத்தியோக சைட்டுல வந்தவன் கண்ணு அழகா இருக்குதுன்னு கெடக்கறான். ஒருத்தனாச்சும் அந்தந்த எடத்துல அந்தந்தப் பேச்சைப் பேசறானா? கடைசியா, சார்னு கூப்பிடாதீங்க, ரகுன்னு கூப்பிடுங்க, நான் தனியா இருக்கற மனுசன்னு வந்துச்சு. அதை எடுத்துட்டுப் போயி முதலாளிகிட்டக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு மெதுவாப் படிச்சாரு. "இதுல தப்பா ஒண்ணும் காணமே கண்ணு, பெரிய எடத்து ஆளுக இப்படித்தான் நைசாப் பேசுவாங்க. உனக்குப் புடிக்கலீன்னா நீ பேசாத உடு, நான் பாத்துக்கறேன்"ன்னாரு. அப்பாடான்னு இருந்துச்சு. போனுல இருந்து அந்த ஆப்பைத் தூக்கிட்டேன். ஆப்பைத் தூக்கினாக் கடையைச் சாத்தினாப்லன்னு நெனச்சேன்.

பிசிறு அறுக்கற ஷெட்டுக்குள்ள வந்தாச்சு. கிரைண்டிங் சத்தத்துல பக்கத்துல நிக்கறவன் பேசறது கேக்காது, அது இவனுக்கு ரொம்ப வசதியாப்போச்சு, காதுகிட்ட வந்து வந்து பேசறான். மூச்சு படுது. ஏலக்காய் மென்னுட்டு வந்திருக்கான். தீப்பொறி பறக்குது பாரு, அந்த ஓடற கல்லுல இவன் மூஞ்சியைக் கொண்டுபோயி வெச்சு ஒரு அழுத்து அழுத்தினா மூக்கு மொதல்ல போகும், அப்புறம் அந்த ஏலக்காய் வாயி. "இதுதான் சாம்பிள் டிரம்முங்க சார்." சங்கிலியில தொங்குது, நேத்து ஊத்தின வார்ப்பு, நானே பொறுக்கி எடுத்துத் தொங்கவிட்டது. ஒரு தட்டு. கணீர்னு எந்திரிச்சு ஷெட்டு முழுக்கச் சுத்திட்டு வந்துச்சு சத்தம், கிரைண்டிங்கையே அமுக்கிருச்சு. எனக்கு இந்தச் சத்தம் கேட்டாப் போதும், ஒடம்புல இருக்கற கசடெல்லாம் ஒரு நிமிசம் எறங்கிரும். "பிரமாதம்"ங்கறான். டிரம்மைப் பாத்துச் சொல்லல. "எனக்கும் சொல்லிக் குடுங்களேன், எங்க தட்டணும், எப்படித் தட்டணும்"னு இடது கையை டிரம்மு விளிம்புல வெச்சுக்கிட்டு வலது கையை என்ர கை மேல வெச்சான். சுத்தி புடிச்சிருக்கற கை மேல. சூடா, ஈரமா, மெதுக்குன்னு ஒரு கை. எனக்குக் காதுல ஒண்ணுமே கேக்கல, கல்லு ஓடறது, ஆளுக கத்தறது எதுவுமே. கையை உதறினேன், உதறின வேகத்துலயே சுத்தி மேல போச்சு, கீழ எறங்குச்சு. அவன் விரலுக்கும் சுத்திக்கும் நடுவுல ஒரு அரிசி நொழையற எடம் இருந்திருக்கும். டிரம்மு அலறிட்டு ஊசலாடுச்சு. கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டான், மூஞ்சி சுண்ணாம்பாப் போச்சு. போச்சு, ஆர்டர் போச்சு, சீட்டு போச்சு, மச்சினன் பையன் வந்து நாற்காலியைத் தொடச்சு உக்காந்துட்டான்னு நெனச்சேன். அப்புறம் அவன் சிரிச்சான். வேணும்னே சிரிச்சான். "எழுதறப்போ பூ மாதிரி எழுதறீங்க, நேர்ல வந்தா சுத்தியால பேசறீங்களே!" "நான் எங்கீங்க சார் எழுதினேன்?" "அட, இங்க யாரும் கேக்க மாட்டாங்க, பயப்படாதீங்க. நேர்ல வாங்க, மனசு விட்டுப் பேசலாம்னு நீங்கதானே சொன்னீங்க? அதை நம்பித்தான் இந்த ஆடிட்டுக்கு வேற ஆளை அனுப்பாம நானே வந்தேன்." போனை எடுத்து என்ர மூஞ்சிக்கு நேரா நீட்டறான். என்ர போட்டோ. என்ர பேரு. கோகிலவாணி, குவாலிட்டி இன்சார்ஜ். அதுக்குக் கீழ வரி வரியா நான். காலை வணக்கம் சார், டிபன் ஆச்சுங்களா. உங்க மெசேஜைப் பாத்தாத்தான் சார் அன்னிக்கு நாளே நல்லாப் போகுது. அவன் எழுதியிருக்கான் நீளநீளமா, பொண்டாட்டி பிரிஞ்சு போனதை, ஞாயித்துக்கிழமை எல்லாம் ஒத்தையில உக்காந்திருக்கறதை, போன் பண்ணினாலும் பையன் எடுக்காததை. அதுக்கு நான் எழுதியிருக்கேன், கவலைப்படாதீங்க சார், உங்களுக்கு நான் இருக்கேன். நான் இருக்கேனா? எங்க இருக்கேன்? நான் இங்க மணலுக்குள்ள நின்னு டிரம்மைத் தட்டிக்கிட்டு இருந்தப்ப, என்ர பேர்ல ஒருத்தி இவனுக்கு டிபன் ஆச்சான்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. "இதுகூட மறந்துபோச்சா?"ன்னு விரலால தள்ளித் தள்ளி ஒரு போட்டோவைக் காட்டினான். ரோசாப்பூ. நேத்து அனுப்பினது. பச்சைப் பெயிண்ட் அடிச்ச அறுத்த ஆயில் டின்னு, அதுல பன்னீர் ரோசா, எலையில தண்ணி நிக்குது, படத்து மூலையில ஒரு தோல் செருப்போட நுனி. இந்தப் படம் என்ர போன்லயும் இருக்குது. எங்க ஆபீஸ் குரூப்புல எல்லார்த்து போன்லயும் இருக்குது. ஆபீஸ் வாசல்ல அந்தச் செடிக்கு வேற ஒருத்தரையும் தண்ணி ஊத்த விடாம, காலைல வந்ததும் தானே ஊத்தி, தானே போட்டோ புடிச்சு, இனிய காலை வணக்கம்னு போடற மனுசன் ஒருத்தர்தான்.

நான் பாத்துக்கறேன். அப்படித்தானே சொன்னாரு. நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்காரு. ஷெட்டை விட்டு வெளியே வந்து ஆபீஸ் பக்கமா நடக்கறோம், இவன் பக்கத்துல என்னமோ பேசிக்கிட்டே வர்றான், சாயங்காலம் காபி, ரேஸ்கோர்ஸ் ரோட்டுல நடை, எனக்கு வெறும் வாயி அசையறது மட்டும் தெரியுது. இத்தனை நேரம் இவனை அடிச்சுக்கிட்டு இருந்தேன் மனசுக்குள்ள, இப்ப அந்தக் கையை எங்க திருப்பறதுன்னே தெரியல. சென்னியப்பன் முதலாளி. என்ர மவ மாதிரின்னு ஊரெல்லாம் சொல்ற மனுசன். பொம்பளப் புள்ளையை ஃபவுண்டரிக்குள்ள விடறதான்னு பாகஸ்தரெல்லாம் குதிச்சப்ப, அவ காதுக்கு ஈடா உங்க ஊட்டுல ஒருத்தன் இருந்தாக் கொண்டாங்கன்னு கேட்டவரு. அந்த மனுசன் ஆபீஸ்ல கண்ணாடியை மாட்டிக்கிட்டு உக்காந்து, ஆட்காட்டி விரல் ஒண்ணால, உங்களுக்கு நான் இருக்கேன்னு அடிச்சாரா? என்ர மூஞ்சிக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டா? அந்த விரல். அந்த ஒத்தை விரலைப் புடிச்சு கிரைண்டிங் கல்லுல வெக்கோணும். நகம் மொதல்ல, அப்புறம் சதை, அப்புறம் எலும்பு, குலசாமி பேரைச் சொல்லிக்கிட்டே கத்தட்டும். இல்ல, லேடில் வாளியில நொரை தள்ளிக்கிட்டு நிக்கற உருக்கின இரும்புக்குள்ள மணிக்கட்டு வரைக்கும். பொசுக்குன்னு போயிரும், வாசம்கூட வராது. ஐயோ, என்ன நெனைக்கறேன் நான். அப்பா செத்தப்ப மொத ஆளா வந்து திண்ணமா நின்ன மனுசன். நின்னா? நின்னதுக்கு இதுவா வெலை? இரு, சித்த இரு. அந்த இன்சார்ஜ் சீட்டு எனக்கு எப்பக் குடுத்தாரு? அந்த சைட்டுல கணக்குத் திறக்கறதுக்கு முந்தியா, பின்னாடியா? அதே வாரந்தான். போட்டோ எடுக்கறப்ப, ஹெல்மெட்டைக் கொஞ்சம் மேல தள்ளு கண்ணு, மூஞ்சி தெரியட்டும்னு சொன்னாரு. மூஞ்சி தெரியட்டும். அப்பவே ரோசனை இருந்துச்சா? என்ர காதுக்குக் குடுத்த சீட்டா, மூஞ்சிக்குக் குடுத்த சீட்டா? போன வருசம் ஒரு லாட்டு டிரம்மு முழுக்க நல்லா இருக்குதுன்னு எல்லாரும் சொல்லி லாரியில ஏத்தினதுக்கப்புறம், நான் ஏறி நின்னு தட்டிப் பாத்து விரிசல்னு சொல்லி எறக்க வெச்சேனே, உன்ர காதுக்குத் தங்கத்துல தோடு போடோணும் அம்மணின்னு சொன்னாரே, அது நெசந்தானே? நெசமாத்தான் இருக்கோணும். இல்லீன்னா எனக்கு என்ன இருக்குது? பேசாம இருந்துரு கோகிலா. இன்னும் சித்த நேரம். இவன் சரின்னு எழுதிட்டுப் போகட்டும். சீட்டு உன்ர பேர்ல ஆகட்டும். அப்புறம் பாஸ்வேர்டை மாத்திக்கலாம், முதலாளியைத் தனியாக் கூப்பிட்டு நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேக்கலாம். ஆனா சாயங்காலம் காபிக்கு எவ போறது? நாளைக்கு டிபன் ஆச்சான்னு எவ கேக்கறது? ஆர்டர் இருக்கற வரைக்கும் அந்தக் கோகிலவாணியும் இருந்தாகோணுமே, அவளை எவன் வெளிய விடுவான்? இவன் பாவம், நம்பிக்கிட்டு வர்றான் பாரு. பாவமா? என்ர கை மேல கையை வெச்சவன் பாவமா? ரெண்டு பேரையும் ஒரே சங்கிலியில தலைகீழாத் தொங்கவிட்டு மாத்தி மாத்தித் தட்டோணும், எது மொதல்ல உடையுதுன்னு பாக்கோணும். சுத்தியை வாசல்லயே வெச்சுட்டேன். கையில இருந்தா எனக்கே பயமா இருந்துச்சு.

ஏசி ரூமுக்குள்ள இளநி, லட்டு, முந்திரிப்பருப்பு, ஒரு பொன்னாடைகூட மடிச்சு ரெடியா இருக்குது. பெரிய டேபிளுக்கு அந்தப் பக்கம் ரகுநந்தன், இந்தப் பக்கம் முதலாளி, மோல்டிங் மேஸ்திரியும் கணக்குப்பிள்ளையும் செவுத்தோரமா. முதலாளிக்கு வாயெல்லாம் பல்லு. "குறைன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல"ன்னு இவன் பேனாவைத் திறக்கறான், "உங்க இன்சார்ஜ் ரொம்பக் கெட்டிக்காரங்க. அவங்க இருக்காங்கங்கற ஒரே நம்பிக்கையிலதான் கையெழுத்துப் போடறேன்." நான் இருக்கேன். திரும்பவும் அதே நான் இருக்கேன். "எல்லாம் அம்மணியோட தெறமைங்க சார், என்ர மவ மாதிரி"ன்னு முதலாளி லட்டுத் தட்டை நகர்த்தறாரு. ஆட்காட்டி விரலால நகர்த்தறாரு. அடங்கு, அடங்குன்னு எனக்குள்ள ஒருத்தி கத்திக்கிட்டே இருந்தா, பேனா முள்ளு பேப்பர்ல படப்போகுது, நாற்காலி என்னுது ஆகப்போகுது, அம்மா கோயிலுக்குப் போயிப் பொங்கல் வெக்கப்போகுது, அடங்குடி. வாயி அடங்கல. "சார், கையெழுத்துப் போடறதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கோங்க. உங்களுக்கு ரோசாப்பூ அனுப்பினது நான் இல்லீங்க. வெளியே வாசல்ல அந்தச் செடி இருக்குது, போயிப் பாருங்க. டிபன் ஆச்சான்னு தெனமும் கேட்டது, உங்களுக்கு நான் இருக்கேன்னு எழுதினது எல்லாம் இதா, லட்டு எடுத்துக் குடுக்கறாரே, இவருங்க. நான் உங்களுக்கு எழுதினது நன்றி சார்னு ஒரே ஒரு வரி. அதுக்கு மேல நீங்க எழுதினதுல எனக்கு ஒண்ணுகூடப் புடிக்கல. இன்னிக்கு என்ர கை மேல கை வெச்சதும் புடிக்கல." மேஸ்திரி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ரகுநந்தன் என்னையப் பாக்கல, முதலாளியவே பாக்கறான், பேனா அப்படியே நிக்குது. மூஞ்சியில இருந்த வழவழப்பு எல்லாம் எங்கியோ போயி, வயசான ஒரு ஆளு அங்க உக்காந்திருந்தான். "என் பையனைப் பத்தி எழுதினதெல்லாம்... நீங்களா படிச்சீங்க?" அதுக்கு முதலாளி ஒரு வார்த்தை இல்லீன்னு சொல்லியிருக்கலாம். ஆமான்னு சொல்லியிருக்கலாம். தப்பாப்போச்சு கண்ணு, ஆர்டருக்காகப் பண்ணிப்போட்டேன்னு என்னையப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் பொலபொலன்னு அழுதுகூட இருப்பேன், அவ்வளவுதான் என்ர வீராப்பு. அவரு சிரிச்சாரு. "அய்யோ சார், அம்மணிக்குக் கூச்சம், கொஞ்சம் கோவக்காரி வேற. எல்லாம் அவ பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்லத்தான் நான் அடிச்சேன். மனசு நெறைய உங்களை வெச்சுக்கிட்டு இப்ப ஆளுக முன்னாடி..." முழுசா முடிக்கல அவரு. டேபிளைச் சுத்தி எப்ப வந்தேன்னு எனக்குத் தெரியாது. சுத்தி இல்ல, கல்லு இல்ல, இரும்பு இல்ல, வெறும் கை. அறைஞ்சதுல கண்ணாடி எகிறிப்போயி செவுத்துல பட்டுச்சு, அவரு நாற்காலியோட சாஞ்சு கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு, "அம்மணி"ன்னாரு, சின்னப் புள்ளை மாதிரி. உதட்டுல ரத்தம். என்ர உள்ளங்கை காந்துச்சு, தோள்பட்டை வரைக்கும் வலி ஏறுச்சு, இத்தனை நாளா நெனச்சு நெனச்சு அடிச்சதுல ஒண்ணுலகூட இந்த வலி இல்ல. சீட்டு போச்சு. அது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. திரும்பி ரகுநந்தனைப் பாத்தேன். பேப்பரைக் கையில புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னுட்டு இருந்தான், அடுத்தது தனக்குத்தான்னு நெனச்சானோ என்னமோ, ஒரு அடி பின்னாடி போனான். "சார், இது நானே பண்ணினதுங்க"ன்னேன். "என்ர பேர்ல வேற யாரும் பண்ணலீங்க."